தறப்பாள் கடைக்காரன் சொன்ன மழை

இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஆணி, கயிறு, பிளாஸ்டிக் வாளி, குடை, தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு, பிறகு நீலத்திலும் கறுப்பிலும் சுருள் சுருளாகத் தறப்பாள், மழைக்கு மேலே விரித்து மூடுகிற பிளாஸ்டிக் படுதா. வாசலில் ஒரு பக்கம் மணல் குவித்திருப்பேன். சின்னச் சின்னக் கட்டட வேலைக்குச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். என் பெயர் பஸீர். நான் என்ன விற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

முந்தின வருஷப் புயலுக்குப் பிறகு முகநூலில் மழையைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். நான் படித்தது ஓ.எல். வரைக்கும்தான். வானிலைத் திணைக்களம் வெளியிடுவதைச் சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை வாசிப்பேன். பிடிபடாவிட்டால் மகள் றிஸ்மியாவிடம் கேட்பேன். பிறகு எங்கள் ஊர் ஆட்களுக்கு விளங்குகிற மாதிரி எழுதிப் போடுவேன். அறிக்கையில் மாத்தளை மாவட்டம் என்று ஒரே பெயராக வரும். அது எங்களுக்குப் போதாது. ரிவர்ஸ்டன் உச்சிக்கு அந்தப் பக்கம் பல்லேகமயில் வயல் மூழ்குகிற நாளில், இந்தப் பக்கம் நாங்கள் வெயிலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருப்போம். அதனால் எப்போதும் மூன்றாகப் பிரித்து எழுதுவேன். மலைக்கு அந்தப் பக்கம், மலைக்கு இந்தப் பக்கம், கரையோரம்.

கரையோரம் உங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரைக்கும் எங்களுக்கு மழை வருவதே அந்தப் பக்கமிருந்துதான். வங்காள விரிகுடாவில் ஏதாவது கிளம்பினால் முதலில் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைதான் நனையும். பிறகு அது தரையில் ஏறி வந்து மலையில் முட்டும். பலமாக இருந்தால் மலையைத் தாண்டி எங்கள் பக்கமும் வழியும். என் மனைவி றிஸ்னாவின் தங்கை மஸீஹாவைக் கிண்ணியாவில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாப்பிள்ளை ஸஜ்ஜாத்துக்குக் கடல் தொழில். அவர் தோணியைக் கரையேற்றினால் மஸீஹா எனக்கு வொயிஸ் போடுவாள். அதையும் எழுதுவேன்.

நவம்பர் கடைசியில் மூன்று மாதத்துக்கான கணிப்பு வந்தது. நான் இப்படிப் போட்டேன்:

"எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். டிசம்பர் வழமை போலத்தான் இருக்கும்னு சொல்றாங்க. ஜனவரியில கிழக்குக் கரையிலயும் ரிவர்ஸ்டனுக்கு அந்தப் பக்கச் சரிவிலயும் வழமைய விடக் கூட மழை பெய்ய எடமிருக்கு. எடமிருக்குன்னுதான் சொல்றாங்க, கட்டாயம் பெய்யும்னு சொல்லல. காத்து பலமா அடிச்சா நம்ம பக்கமும் வரும். பெப்ரவரியில மழை கொறைஞ்சு ராவைக்குக் குளிரு கூடும், சின்னப் புள்ளைகளப் பாத்துக்கோங்க. கரையில உள்ளவங்க ஜனவரியில கடலுக்குப் போக முந்தி அறிவித்தலப் பாருங்க. போன வருஷம் மண்ணு வெடிச்ச எடங்கள்ல இருக்கிறவங்க, ஜனவரிய லேசா எடுக்க வேணாம்."

கொஞ்ச நேரத்தில் றெக்சன் கீழே ஒரு வரி எழுதினான். "நானா, கடைக்குப் புது ஸ்டொக் எறங்கிருச்சு போல."

அதற்குச் சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. நான் எழுதியதை வாசித்தவர்களைவிட அவன் எழுதியதை வாசித்தவர்கள்தான் அதிகம். றெக்சன் என் கடைக்கு முன்னால் த்ரீவீல் நிறுத்துகிறவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். என்னை நானா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்; ஊரில் பலரும் அப்படித்தான். அடுத்த நாள் காலையில் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"என்னடா எழுதி வச்சிருக்க?"

"தப்பா ஒண்ணும் சொல்லலயே நானா. கண்ணாடிக் கடைக்காரரு வந்து ஒனக்குக் கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு சொன்னா எப்புடி இருக்கும்?"

"அறிக்கைய நான் எழுதலடா. கொழும்புல எழுதினது."

"கொழும்புக்காரங்க தறப்பாள் விக்கலயே."

பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? உள்ளே வந்தபோது றிஸ்னா சொன்னாள், "மழ வார கதைய நீங்க சொன்னா யாவாரம்னுதான் சொல்லுவாங்க. பேசாம ஈங்களே."

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்த ஜனவரி என்ற சொல்லை நான் எழுதும்போது என் மனதில் ஒரே ஒரு லயம்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஏழு வீடு ஒரே வரிசையாக ஒட்டியிருக்கிற, செபஸ்தியன் இருக்கிற லயம்.

செபஸ்தியன் றெக்சனின் தாய்மாமன். தேயிலை ஃபெக்டரியில் வேலை. என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஜாருக்கு வந்தால் என் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கதைத்துவிட்டுத்தான் போவார். அவர் குடும்பம் தோட்டத்தில் மேக்கணக்கில் இருக்கிறது. மேல் டிவிஷனைத்தான் அப்படிச் சொல்வார்கள். மனைவி மார்ஜரி கொழுந்து எடுக்கிறவர். மகள் நிரஞ்சனி கைக்குழந்தையோடு அங்கேதான் இருந்தாள், அவள் கணவன் கொழும்பில் வேலை.

புயலில் அந்த லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு வெடித்தது. சரியவில்லை, வெடித்தது மட்டும்தான். லயத்தின் நீளத்துக்கு ஒரு கோடு கிழித்த மாதிரி. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார்கள். வெடிப்பைக் களிமண் போட்டு அடைத்து மேலே மூடிவையுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. இது ஒன்று. மழை எச்சரிக்கை வந்தால் மூடியிருக்கிறதோ இல்லையோ, உடனே கீக்கணக்குப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுங்கள். இது மற்றது. வேறு இடத்தில் வீடு தருவதாகவும் சொன்னார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

டிசம்பரில் இரண்டு தரம் எச்சரிக்கை வந்தது. இரண்டு தரமும் லயத்து ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். மழை பெய்தது, ஆனால் மேட்டில் ஒரு கல்கூட உருளவில்லை. இரண்டாம் தரம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு செபஸ்தியன் என் கடைக்கு வந்தார்.

"நல்லதா, பெருசா ஒரு தறப்பாள் குடுங்க நானா. அந்தப் பழசு ஓட்ட ஓட்டையாப் போச்சு. வெடிப்ப ஒழுங்கா மூடணும்."

கறுப்பில் தடித்தது ஒன்று எடுத்து விரித்துக் காட்டினேன்.

"இது தாங்குமா?"

"செபஸ்தி, இதுக்கு மேல யானை நடந்தாலும் கிழியாது."

கடைக்காரன் சொல்கிற பேச்சு. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வேன். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை நானே தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். களிமண் அடைத்து, தறப்பாளை இழுத்துப் பிடித்து, ஓரமெல்லாம் கல் வைத்து, மிகவும் அழகாகச் செய்திருந்தார். லயத்துப் பெண்கள் அதன் மேல் புடவை காயப்போட்டிருந்தார்கள்.

ஜனவரி பிறந்து பொங்கல் நெருங்கியபோது விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானது. மஸீஹாவின் குரல் வந்தது.

"மச்சான், இவரு தோணிய ஏத்திட்டாரு. கடல் சரியில்ல. வாடக்காத்து பேய் மாதிரி அடிக்குது. கரையில மீன்காரங்கட வாடிக் குடிசையெல்லாம் கழட்டுறாங்க. நேத்துல இருந்து மழ விட்டபாடில்ல. நீங்களும் கவனமா ஈங்க. றிஸ்னா தாத்தாகிட்டச் சொல்லுங்க, நாங்க நல்லம்."

பல்லேகமப் பக்கம் எனக்குத் தெரிந்த ஜமால்தீனுக்கு எடுத்தேன். அங்கேயும் ஆரம்பித்துவிட்டது, ஆறு கலங்கி வருகிறது என்றார். எங்கள் பக்கம் அப்போது நல்ல வெயில். ரிவர்ஸ்டன் உச்சியில் மட்டும் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி முகில் உட்கார்ந்திருந்தது. மாலையில் மலைச்சரிவுகளுக்கு எச்சரிக்கையும் வந்தது. நான் எழுதிப் போட்டேன். பிறகு செபஸ்தியனுக்குப் போன் எடுத்தேன்.

"செபஸ்தி, நாளைக்கு விடியக் கீழ எறங்குங்க. கிண்ணியாவுல ஊத்துது."

"கிண்ணியா எங்க, மேக்கணக்கு எங்க நானா? அங்க ஊத்தினா அவங்கதான் எறங்கணும்."

"அது இங்க வரும்பா."

"வராது. இந்த வருசத்துக்கு உள்ளதையும் சேத்து அந்தப் புயலே ஊத்தி முடிச்சிருச்சு. வானத்துலயும் ஒரு அளவு இருக்குமில்ல?"

"வானம் என்ன தண்ணி டாங்கியா, தீந்து போறதுக்கு?"

"நானா, டிசம்பர்ல ரெண்டு வாட்டி எறங்கினோம். ஸ்கூல் மர வாங்குல படுத்து மார்ஜரிக்கு இடுப்பு போச்சு. திரும்பி வந்து பாத்தா வீட்டுல கேஸ் சிலிண்டரக் காணோம். மலை எங்கயும் போகல. சிலிண்டர்தான் போச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"இந்த மழை அப்புடி இல்ல செபஸ்தி. எச்சரிக்கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதான் மூடியாச்சே? தண்ணி எறங்கலன்னா மண்ணு எதுக்கு வருது? நான் ஒங்க தறப்பாள நம்புறேன் நானா. ஒங்க மழையத்தான் நம்பல."

போனை வைத்துவிட்டார். அவர் இறங்காவிட்டால் அந்த லயத்தில் ஒருவரும் இறங்க மாட்டார்கள். தோட்டத்தில் எது என்றாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். குழந்தை குட்டி எல்லாரும் அந்த மேட்டுக்குக் கீழேதான் படுத்திருப்பார்கள்.

அன்று நான் செய்தது ஒரு முட்டாள் வேலை. கடை வாசலில் நிறுத்தியிருந்த தறப்பாள் சுருள்களை எல்லாம் உள்ளே எடுத்து அடுக்கிவிட்டேன். மழை முடியும்வரை தறப்பாள் விற்பனை இல்லை என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். நான் விற்கவில்லை என்றால் என் பேச்சை நம்புவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்தபோது வாசலில் ஆட்கள். முன்னால் நின்றவர் பக்கத்துத் தேத்தண்ணிக்கடை முத்தலிப்.

"என்ன பஸீர் காக்கா, ஒளிச்சு வச்சிட்டீங்களாம்? வெல ஏறட்டும்னா?"

"ஒளிக்கல்ல. விக்கல்ல."

"அதான் ஒளிக்கிறது."

பின்னாலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டார், "மழை வந்தா எங்க வீட்டுக் கூரை ஒழுகும், நீங்க இப்புடிச் செஞ்சா நாங்க எங்க போறது?" அதுவும் நியாயம்தானே. மட்டையைக் கழற்றினேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். றெக்சன் த்ரீவீலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானா, இது நல்ல மூளை. இல்லேன்னு சொன்னாத்தான் சனம் ஓடி வருது."

அந்த நேரம்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. மேலே பார்த்தேன். உச்சியில் இருந்த முகில் இப்போது இந்தப் பக்கச் சரிவில் பாதிவரை இறங்கியிருந்தது. காற்றில் ஈரம் வந்துவிட்டது.

"றெக்சன், ஒன் மாமா என்ன சொன்னாரு தெரியுமா? என் மழைய நம்ப மாட்டாராம். தறப்பாள நம்புறாராம்."

"சரிதானே. தறப்பாள் நல்ல தறப்பாள்தானே."

"போன எடு. லைவ் போடு."

"என்னத்தை?"

"போடுடா. என்னையப் பகிடி பண்ண ஒனக்கு ஒரு வாய்ப்பு."

அதற்கு அவன் மறுப்பானா? உடனே போனை நீட்டினான். நான் வாசலில் இருந்த மணல் குவியலைப் பலகையால் தட்டி ஒரு சரிவு மாதிரி ஆக்கினேன். அடியில் ஒரு காலிப் பெயின்ட் டின் வைத்தேன். அதுதான் லயம். சரிவின் நடுவில் விரலால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டின் மேல் கறுப்புத் தறப்பாளில் ஒரு துண்டு வெட்டி விரித்து, நான்கு ஓரமும் கல் வைத்தேன். சனம் சுற்றிக் கூடிவிட்டது.

"இது நான் விக்கிற சாமான்," என்று போனைப் பார்த்துச் சொன்னேன். "செபஸ்தியனுக்கு இதைத்தான் வித்தேன். யானை நடந்தாலும் கிழியாதுன்னு சொன்னேன்."

வாளியில் தண்ணீர் எடுத்துத் தறப்பாளின் மேல் ஊற்றினேன். தண்ணீர் வழிந்து ஓடியது. மணல் அசையவில்லை.

றெக்சன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "பாத்தீங்களா மக்களே, ஒண்ணும் ஆகல! எல்லாரும் வந்து வாங்குங்க!" என்று கத்தினான்.

"இங்க திருப்பு. மழை தறப்பாளுக்கு மேல மட்டுமா பெய்யும்?"

அடுத்த வாளியைத் தறப்பாளுக்கு மேற்பக்கம், வெறும் மணலில், மெதுவாக ஊற்றினேன். தண்ணீர் மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு வாளி ஊற்றினேன். அப்போது சரிவின் அடியில் மணல் கறுத்து, பிதுங்கி, முழுப் பாதியும் ஒரேயடியாக வழுக்கி வந்தது. பெயின்ட் டின் உருண்டு வீதிக்குப் போனது. ஒரு த்ரீவீல்காரர் பிரேக் அடித்து ஏசினார்.

தறப்பாள் துண்டு மணலோடு சேர்ந்து இறங்கி, மேலே விரித்தபடியே கிடந்தது.

"தறப்பாள் கிழியலயே நானா," என்றான் றெக்சன். அவன் குரல் இறங்கிவிட்டது.

"கிழியாது. நல்ல சாமான். கூரை ஒழுகினாப் போடுங்க, மிளகுக்கு மேல போடுங்க. வெடிப்ப மூடச் சொன்னவங்களும் சரியாத்தான் சொன்னாங்க, கொஞ்சம் தண்ணி கொறையும். ஆனா மலைய நிப்பாட்ட இதால ஏலாது. இதை வாங்கி வெடிப்ப மூடிட்டு அந்த மலைக்குக் கீழ படுக்கிறவங்களுக்கு நான் இதை விக்க மாட்டேன். செபஸ்தி, கேக்குதா?"

முத்தலிப் தன் கடை வாசலில் நின்று, "யாவாரத்த இப்புடியும் கெடுக்கிறாரே மனுசன்," என்றார். றிஸ்னா உள்ளேயிருந்து, "மணலை இனி யாரு அள்ளுற?" என்று கேட்டாள்.

மணலை நான் அள்ளிக்கொண்டிருக்கும்போதே றெக்சனின் போன் அடித்தது. மார்ஜரி.

"டேய், நீ எடுத்த வீடியோவைப் பாத்தேன். வண்டிய எடுத்துக்கிட்டு வா. நானாவையும் கூட்டிக்கிட்டு வா. ஒங்க மாமா கதவுல குந்திக்கிட்டு நகர மாட்டேங்கிறாரு."

நாங்கள் தோட்டத்துக்கு ஏறும்போது மழை ஆரம்பித்துவிட்டது. பெரிய துளிகள் இல்லை, காற்றோடு சாய்ந்து வருகிற மெல்லிய மழை. இந்தப் பக்கத்துக்கு மலையைத் தாண்டி வருகிற மழை அப்படித்தான் ஆரம்பிக்கும். லயத்தில் மார்ஜரி இரண்டு பைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். நிரஞ்சனி குழந்தையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு நின்றாள். செபஸ்தியன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மற்ற வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"வாங்க நானா," என்றார் செபஸ்தியன். "மணல் வெளையாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு. அது மணலு. இது மண்ணு. ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லத்தான். அது டின்ன உருட்டிச்சு, இது ஒங்களை உருட்டும்."

"மாமா, எந்திரிங்க," என்றான் றெக்சன்.

"நீதானடா நேத்து வரைக்கும் நானாவ வச்சுச் சிரிச்ச?"

"சிரிச்சேன். இப்பச் சிரிக்கல. எந்திரிங்க."

"எத்தனை வாட்டிடா எறங்கிறது? மழை வந்தா எறங்கு, வெயில் வந்தா ஏறு. நாங்க என்ன ஆடா மாடா?"

அது உண்மைதான். மார்ஜரிதான் பேசினார். சத்தம் போடவில்லை.

"நீங்க இருங்க. அந்தத் தறப்பாளைப் புடிச்சுக்கிட்டே இருங்க. நானும் புள்ளையும் போறோம். நீங்க வரலேன்னா மத்த ஆறு வீடும் வராது. அந்தப் பழி எனக்கு வேணாம், ஒங்களுக்கு வேணும்னா வச்சுக்கங்க."

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கி த்ரீவீலில் வைத்தார். நிரஞ்சனி ஏறினாள். குழந்தை அழ ஆரம்பித்தது. செபஸ்தியன் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, கதவைப் பூட்டி, அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினார். "என்னத்த பாத்துக்கிட்டு இருக்கீங்க? எல்லாம் எறங்குங்க! சிலிண்டர மறக்காமத் தூக்கிக்கங்க!"

இரண்டு இரவும் இரண்டு பகலும் மழை விடவில்லை. பல்லேகமப் பாதை மூடியது. கிண்ணியாவில் மஸீஹாவின் முற்றத்தில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. நான் வந்த செய்தியையெல்லாம் மூன்று பக்கமாகப் பிரித்து எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் சோற்றுப் பார்சல் கொண்டு போனபோது செபஸ்தியன் வாங்கில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"மலை விழுந்திருச்சா நானா?"

"இல்ல."

"இன்னும் அங்கேயேதான் இருக்கா?"

"இருக்கு."

"சரி. போய்ச் சொல்லுங்க, செபஸ்தி சுகம் விசாரிச்சான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த தரம் இவர்களை இறக்க என்னால் முடியாது என்று விளங்கியது. மூன்று தரம் இறங்கி மூன்று தரமும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நான்காம் தரம் யார் வருவார்கள்? பெப்ரவரியில் மழை குறையும் என்றுதான் கணிப்பு. குறையும் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு லயம் புதைந்து போகிற அளவு மழை பெய்யலாம்.

மழை விட்டு வெயில் எறித்த காலையில் செபஸ்தியன் எனக்குப் போன் எடுத்தார். "வாங்க நானா. ஒங்க சாமான் எப்புடி இருக்குன்னு வந்து பாருங்க."

போனேன். றெக்சனும் வந்தான். லயம் அப்படியே இருந்தது. மேடும் அப்படியே இருந்தது. தறப்பாள் கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று, ஒரு கிழிசல் இல்லாமல், வைத்த கல் வைத்தபடி கிடந்தது. செபஸ்தியன் அதன் பக்கத்தில் கலியாணவீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு எறங்கல."

"தூக்கிப் பாத்தீங்களா?"

"தூக்கினா மூடினது என்னத்துக்கு?"

"ஒரு ஓரத்தத் தூக்குங்க செபஸ்தி. திரும்ப நானே ஒழுங்கா வச்சுத் தாறேன்."

அவர் றெக்சனைப் பார்த்தார். இரண்டு பேரும் மேல் ஓரத்துக் கற்களை எடுத்துவிட்டுத் தறப்பாளை மடித்தார்கள்.

அடைத்த களிமண் இல்லை. அது உள்ளே இறங்கிப் போயிருந்தது. முன்பு விரல் நுழைகிற அளவு இருந்த வெடிப்பு இப்போது கால் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. கீழ்ப்பக்கத்து மண் மேல்பக்கத்தைவிட ஒரு படி இறங்கி நின்றது. மூடிக் கிடந்ததால் யாரும் பார்க்கவில்லை. முன்பெல்லாம், பழைய தறப்பாள் ஓட்டையாகக் கிடந்தபோது, காலையில் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் அந்த வெடிப்பை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள் என்று மார்ஜரி அப்போதுதான் சொன்னார். அழகாக மூடிய பிறகு யாரும் பார்ப்பதில்லை. புடவைதான் காயப்போட்டார்கள்.

றெக்சன் ஒரு தேயிலைக் கம்பை ஒடித்து வெடிப்புக்குள் விட்டான். கம்பு முழுவதும் போனது. அடி தட்டவில்லை. அதை வெளியே எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டான்.

செபஸ்தியன் கொஞ்சம் பின்னால் வந்து நின்றார். அந்த நேரத்தில் நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வராது, வரவும் கூடாது. மார்ஜரிதான் வெடிப்பையும் லயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாம இதுக்குக் கீழதான் ஒரு மாசமாத் தூங்கினோம்," என்றார்.

அதிகாரிகளுக்கு நான் அங்கிருந்தே போன் போட்டேன், படமும் அனுப்பினேன். யாரும் இனி மேலே தங்க வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்றார்கள். செபஸ்தியன் தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போய்ப் பேசினார். கீக்கணக்கில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று சும்மா கிடந்தது. கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. இப்போது புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஏழு வீட்டு ஆட்களும் புது வீடு கிடைக்கிறவரை அதில் இருக்கலாம் என்று தொரை சொன்னார். இட நெருக்கம்தான். வாங்கில் படுக்கிறதைவிட மேல் என்று மார்ஜரி சொன்னார்.

பகல் சாய்வதற்குள் சாமான்களை இறக்க ஆரம்பித்தார்கள். பாய், சட்டி, தையல் மெஷின், டீவி, மாதா படம். றெக்சன் த்ரீவீலில் ஏற்றி ஏற்றி இறக்கினான். நானும் ஒரு கை கொடுத்தேன். கடைசியில் உள்ளறையில் ஓர் இரும்பு அலமாரி மட்டும் மிஞ்சியது. நிரஞ்சனியின் கலியாணத்துக்கு வாங்கியது. மூன்று பேரும் சேர்ந்து வாசல்வரை நகர்த்தினோம். வாசலில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், படுக்க வைத்தும் பார்த்தோம்.

"உள்ள எப்புடிக் கொண்டு போனீங்க?" என்று கேட்டேன்.

"அது வந்தப்புறம்தான் தொறந்து கெடந்த முன்பக்கத்த இந்தப் பலகையடிச்சு அறையாக்கினேன்," என்றார் செபஸ்தியன். "நானே அடிச்சது."

"அப்ப அலமாரி இங்கேயே இருக்கட்டும் மாமா. வீடு தந்தப்புறம் பாத்துக்கலாம். இடைக்கிடை வந்து பாத்துட்டுப் போகலாம்ல," என்றான் றெக்சன்.

செபஸ்தியன் அந்தப் பலகைச் சுவரை மேலிருந்து கீழே பார்த்தார். அலமாரி இங்கே இருந்தால் அதைப் பார்க்க ஒரு நாள் வருவார். வந்தால் மழைக்கு ஒரு இரவு தங்குவார். மார்ஜரிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு சுத்தியலை வாங்கிக்கொண்டு வந்து கணவனிடம் நீட்டினார்.

"வந்து வந்து பாக்கிற வேலையெல்லாம் வேணாம்," என்றார் செபஸ்தியன். "நானா, அந்தப் பக்கம் புடிங்க. ஆணி துருப்பிடிச்சிருக்கும், கையப் பாத்து."

முதல் பலகை சத்தத்தோடு கழன்று வந்தது. றெக்சன் அதை வாங்கி வண்டியின் மேல் வைத்துக் கட்டினான். பிள்ளைக்காம்பராவில் நடுவில் மறைப்பு அடிக்க உதவும் என்று மார்ஜரி சொன்னார். செபஸ்தியன் அடுத்த பலகையின் இடுக்கில் சுத்தியலைக் கொடுத்து நெம்பினார்.